எலும்புக்கூட்டு இறால்: மன்னார் வளைகுடாவில் இனம் காணுதல்

எலும்புக்கூட்டு இறால் என்பது கேப்ரெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய கடல்வாழ் ஓட்டுடலி. பெயரில் இறால் இருந்தாலும் இது இறால் இனமன்று. கரையொதுங்கிய பாசிக்கு அடியில் துள்ளித் திரியும் சிற்றுயிர்கள் அடங்கிய ஆம்பிபோடா வரிசையே இதன் சொந்தம். திமிங்கிலத்தின் தோலில் ஒட்டி வாழும் திமிங்கிலப் பேன்கள் இதற்கு நெருங்கிய உறவு. உலகக் கடல்களில் 400-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும்.

நூல்போல் மெலிந்த உடல், கணுக்கணுவாகப் பிரிந்த மார்பு, கும்பிடுபூச்சிக்கு இருப்பதுபோல் மடிந்து நிற்கும் முன்கைகள் ஆகியவற்றைப் பார்த்ததும் குடும்பம் தெரிந்துவிடும். பின்கால்களால் கடற்பாசி, கடற்புல், கடற்பஞ்சு, ஹைட்ராய்டு போன்றவற்றைப் பற்றிக்கொண்டு, உடலை நிமிர்த்தி ஆடியபடி நிற்கும். இது எந்த இனம் என்ற அடுத்த கேள்விக்கு வெறுங்கண்ணால் விடை காண்பது அரிது.

தமிழகக் கடலோரத்தில் இந்தக் கேள்வி நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மன் எதிர்க்கரையான இலங்கையின் முத்துப் படுகைகளில் சேகரித்த மாதிரிகளை, நேப்பிள்ஸ் ஆய்வு நிலையத்தில் இருந்த பால் மேயர் ஆராய்ந்து 1904-இல் அறிக்கை வெளியிட்டார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிரிகளைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் கொண்டுவந்த தொகுப்பில், இந்தக் குடும்பத்தைப் பற்றிய பகுதியை எழுதியவர் சுந்தரராஜ். அவர் புதிதாக விவரித்த சூடோகேப்ரெல்லினா பம்பனென்சிஸ் பாம்பனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு தீவின் கரையை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வளவு சிறிய உயிர்களையும் விடாமல் பதிந்துவைத்த அந்தத் தொகுப்பு, தமிழகக் கடலியலின் அடிக்கற்களில் ஒன்று. பிறகு 2010-இல், ஸ்பெயினைச் சேர்ந்த குவெர்ரா கார்சியாவும் இந்திய ஆய்வாளர்களும் இந்தியக் கரையெங்கும் 39 இடங்களில் எடுத்த 538 மாதிரிகளை ஆராய்ந்து, ஜிகுர்ரு லாங்கிமானஸ் என்னும் புதிய இனத்தை ஒரு கட்டுரையில் விவரித்தனர். இந்தியாவில் அதுவரை பதிவான 11 இனங்களுக்கும் படங்களோடு அடையாளத் திறவுகோல் தந்தது அக்கட்டுரைதான்.

இனம் காணும் வேலையை, இல்லாத கால்களிலிருந்து தொடங்குவது நல்லது. மார்பில் ஏழு கண்டங்கள் உண்டு. முதல் கண்டம் தலையோடு இணைந்திருக்கும். முதல் இரண்டு கண்டங்களில் பற்றுக்கைகள் எனப்படும் அந்த முன்கைகள்; ஐந்து, ஆறு, ஏழாம் கண்டங்களில் கால்கள். இடையிலுள்ள மூன்றாம், நான்காம் கண்டங்களில்தான் பேரினங்கள் பிரிகின்றன. கேப்ரெல்லா பேரினத்தில் இவ்விடத்தில் பொதுவாகக் கால்களே இருக்காது, செவுள்கள் மட்டும் இலைபோல் தொங்கும். வேறு பேரினங்களில் ஓரிரு கணுக்கள் கொண்ட மிகச் சிறிய எச்சக் கால்கள் செவுளின் அடியில் ஒளிந்திருக்கும். ஐந்தாம் கண்டத்தின் காலும் சிலவற்றில் முழுமையாகவும் சிலவற்றில் குறுகியும் இருக்கும். மாதிரியைக் கையாளும்போது கால் உடைந்து விழுவதுண்டு. ஆகவே கால் இயல்பிலேயே இல்லையா, முறிந்துபோனதா என்பதை அது பொருந்தும் இடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து வாய். தாடையில் சிறு துணையுறுப்பு இருக்கிறதா, எத்தனை கணு, அரைக்கும் பல் உண்டா என்பவை பேரினத்தை உறுதிப்படுத்தும். இதற்கு வாயுறுப்புகளைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒளிப்படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்வதை ஏற்கத் தயங்க வேண்டியதற்குப் பெரிய காரணம் இதுவே.

இனங்களைப் பிரிக்க உதவுபவை முட்களும் புடைப்புகளும் இரண்டாம் பற்றுக்கையின் வடிவமும். கேப்ரெல்லா ஸ்கௌராவின் தலையில் முன்னோக்கி நீண்ட ஒரு முள் இருக்கும். கேப்ரெல்லா ஈக்விலிப்ராவின் தலையில் முள் கிடையாது. இரண்டாம் பற்றுக்கைகள் தொடங்கும் இடத்துக்கு நடுவே, வயிற்றுப்புறத்தில் ஒரு முள் உண்டு. பாராகேப்ரெல்லா புசில்லாவின் ஆணுக்கு இரண்டாம் கண்டத்தின் முன்பகுதியில் முக்கோண வடிவப் புடைப்பு தெரியும். வடகிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவிய கேப்ரெல்லா மியூட்டிக்காவின் ஆணை, முன்கண்டங்களிலும் இரண்டாம் பற்றுக்கையிலும் அடர்ந்த மயிர்களைக் கொண்டு அறியலாம்.

மேற்சொன்ன அடையாளங்கள் பலவும் வளர்ந்த ஆணுக்கே பொருந்தும். ஆண் வளர வளர முன்கண்டங்கள் நீண்டு, பற்றுக்கை பெருத்து, அதன் பற்களும் தெளிவாகும். இளம் ஆண் பெண்ணைப் போலவே தோன்றும். ஒரே இனத்தின் சிறியதையும் பெரியதையும் இரு இனங்களாக எண்ணிவிட இது இடம் தருகிறது. மூன்றாம், நான்காம் கண்டங்களின் அடியில் தகடுகள் சேர்ந்து முட்டைப்பை அமைந்திருந்தால் அது பெண். நிறத்தை நம்பக்கூடாது. பற்றியிருக்கும் பாசிக்கு ஏற்ப அது வேறுபடும், எரிசாராயத்தில் இட்டதும் வெளுத்துவிடும்.

வடிவத்துக்கும் எல்லை உண்டு. கேப்ரெல்லா பெனான்டிஸ் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவற்றுள் தோற்றத்தால் பிரிக்க முடியாத வெவ்வேறு இனங்கள் இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. குஞ்சுகள் மிதக்கும் இளவுயிரிப் பருவம் இல்லாமல் தாயின் பையிலிருந்து நேரே சிற்றுருவாக வெளிவருவதால், தொலைவிலுள்ள கூட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பது குறைவு. அவை கடல் கடப்பது பெரும்பாலும் கப்பலின் அடிப்பாகத்தில் படியும் பாசியிலும் மிதந்து செல்லும் பொருள்களிலும்தான். துறைமுகத்தில் கிடைக்கும் மாதிரியை உள்ளூர் இனம் என்று உடனே எழுதிவிடாமல், அயல்நாட்டு இனங்களோடும் ஒப்பிட வேண்டும்.

2010 ஆய்வில் தென்கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் எலும்புக்கூட்டு இறால்கள் மிகுதியாகக் கிடைத்தன. வடகிழக்கே வட அட்சரேகை 16 முதல் 20 பாகை வரையுள்ள கரையின் படிவுகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆறுகள் கொட்டும் நன்னீரால் உப்புத்தன்மை குறைவதையும் உயர்ந்த வெப்பநிலையையும் காரணங்களாக ஆய்வாளர்கள் கருதினர். மிதவெப்பக் கடல்களில் பெருந்திரளாக வாழும் கேப்ரெல்லா பேரினத்து இனங்கள் இங்கே இல்லாததே இந்தியக் கடலில் எண்ணிக்கை குறைவதற்குக் காரணமாகலாம் என்பதும் அவர்கள் கருத்து. இந்தியக் கரையில் ஒருவர் கேப்ரெல்லா என்று பெயரிட்டால் தாடையையும் நடுக்கால்களையும் மறுமுறை சரிபார்க்கச் சொல்வது நியாயமே.

மாதிரி எடுக்க, பாசியை அல்லது ஹைட்ராய்டை அப்படியே வெட்டி, தட்டில் கடல்நீரில் அலசினால் போதும். எடுத்த பொருள், ஆழம், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, ஆண், பெண், இளவுயிர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். குருசடை உள்ளிட்ட 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், அங்கே சேகரிக்க வனத்துறையின் அனுமதி தேவை.