உணவு விநியோகம் செய்யும் நீங்கள் ஊழியரா, சொந்தத் தொழில் செய்பவரா?

பாசிர் ரிஸ் வொயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதியில் உணவை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீவக புளோக்கிற்குச் சைக்கிளில் போகிறீர்கள். மழையில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது.

செலவு யாருடையது? சட்டம் உங்களை எந்தப் பிரிவில் வைக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

முன்பு எப்படி?

இரண்டே பிரிவுகள்: ஊழியர், சொந்தத் தொழில் செய்பவர். உணவு விநியோகிப்பவர்களும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களும் இரண்டாவது பிரிவில் இருந்தார்கள். ஆனால் கட்டணத்தையும் வேலை ஒதுக்கீட்டையும் முடிவு செய்வது செயலியை நடத்தும் நிறுவனம்தான்.

இப்போ என்ன மாற்றம்?

இணையத்தள ஊழியர் சட்டம் 2025 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி நீங்கள் மூன்றாவது பிரிவு: இணையத்தள ஊழியர்.

விழுந்துட்டா இழப்பீடு கிடைக்குமா?

வேலையை ஏற்று உணவை எடுக்கப் போகும்போதும், கொண்டுபோய்க் கொடுக்கும்போதும் காயமடைந்தால் கிடைக்கும். மருத்துவச் செலவு, வருமான இழப்பு ஆகியவற்றுக்கு ஊழியர்களுக்கு உள்ள அதே அளவு பாதுகாப்பு உண்டு. அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரம் இதில் சேராது.

மத்திய சேம நிதி?

1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கூடுதல் பங்களிப்பு கட்டாயம். நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தும். விகிதம் படிப்படியாக ஏறி, 2029-இல் ஊழியர், முதலாளி விகிதங்களுக்கு இணையாகும்.

மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். சேர்ந்த பிறகு விலக முடியாது, யோசித்து முடிவெடுங்கள்.

சைக்கிளில் 100 வெள்ளி சம்பாதித்தால், 20 வெள்ளி செலவாகக் கழிக்கப்படும். மீதி 80 வெள்ளிக்குத்தான் பங்களிப்பு. மோட்டார் சைக்கிளுக்கு 35 விழுக்காடும் காருக்கு 60 விழுக்காடும் கழிக்கப்படும்.

எது கிடைக்காது?

வேலை நியமனச் சட்டத்தின்கீழ் ஊழியர்களுக்குள்ள சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு. நீங்கள் முழு ஊழியர் அல்ல.

செயலி இல்லாத வேலை என்றால்?

ஒப்பந்தத்தில் 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதினால் மட்டும் போதாது. வேலை நேரத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார், கருவிகள் யாருடையவை, லாப நட்டம் யாரைச் சேரும் என்பதெல்லாம் பார்க்கப்படும்.

காயம் பட்டால் என்ன செய்வது?

உடனே நிறுவனத்திடம் தெரிவியுங்கள். ஆர்டர் விவரத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவ ரசீதுகள் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். விபத்து நடந்த ஓராண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும்.