வேடக் கொட்டகையின் வரலாறு: தென்பெண்ணைக் கரைத் தெருக்கூத்தில் திரைமறைவு உழைப்பு

தெருக்கூத்தைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குக் குறைவில்லை. பாரதக் கதை எப்படிக் கூத்தாகிறது, திரௌபதி அம்மன் வழிபாட்டில் அதற்கு என்ன இடம், பாட்டும் அடவும் எந்த மரபில் வருகின்றன என்றெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆடுகளத்துக்குப் பத்தடி பின்னால், கீற்றையோ தார்ப்பாயையோ கட்டி மறைத்திருக்கும் வேடக் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் குறைவு. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் கூத்தின் கதையும் பாட்டும் மாறியதைவிட அந்தக் கொட்டகையின் வேலைதான் அதிகம் மாறியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஊரே பகிர்ந்து சுமந்த வேலையும் செலவும் மெல்ல மெல்லக் கலைஞர்களின் தலையில் வந்து இறங்கிய கதை அது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட வட்டாரம் மணலூர்பேட்டையைச் சுற்றியது. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் இந்தப் பேரூருக்குத் தை மாத ஆற்றுத் திருவிழாவில் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். கிழக்கே திருக்கோவிலூர், தென்மேற்கே கல்வராயன் மலை. பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்தபோது இப்பகுதி விழுப்புரத்தோடு போனது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. கூத்துக்கு இந்த எல்லைக்கோடுகள் ஒரு பொருட்டே அல்ல. வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று கூத்தர்கள் சொல்லும் இரண்டுமே இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருப்பதால், கொட்டகை வழக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல இடம்.

ஆடுபவருக்கு ஊர் படியளந்ததற்கான சான்று மிகப் பழையது. இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கியதைச் சொல்கிறது. திருமுதுகுன்றம் என்பது இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் விருத்தாசலத்தின் பழம்பெயர். பெயரை வைத்து அவரை இந்த மண்ணின் கூத்தர் என்று உரிமை கொண்டாட முடியாது. அந்தக் கோயில் நாடகத்துக்கும் இன்றைய தெருக்கூத்துக்கும் நேர்க்கோடு போடுவதும் தவறு. நெல்லாக அளந்து தரும் ஏற்பாடு ஆட்டக்காரரை ஊரோடு பிணைத்து வைத்தது என்ற அளவில் அந்தக் கல்வெட்டு நமக்குப் போதும்.

தெருக்கூத்துக்கு உயிர்நாடி பாரத விழா. இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் படிக்கப்படும் பாரதத்தை இயற்றிய வில்லிபுத்தூராரும் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர்தான். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் அதே கதை கூத்தாகும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, கர்ண மோட்சம் என்று நாள் நகர்ந்து பதினெட்டாம் போரும் படுகளமும் தீமிதியுமாக விழா முடியும். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் அரவானே கூத்தாண்டவராகக் கோயில் கொண்டிருக்கிறார். திரௌபதி வழிபாடு செஞ்சியை மையமாகக் கொண்டு பரவியதென ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடெல் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த விழாவின் பழைய ஏற்பாட்டில் திரைமறைவு வேலை என்று தனியாக ஒன்றைப் பிரிப்பதே கடினம். தபசு மரம் நடுவது, படுகளத்தில் துரியோதனன் உருவத்தை மண்ணால் கிடத்துவது, தீவட்டி பிடிப்பது, எண்ணெய் கொடுப்பது, கூத்தாடிகளுக்குச் சோறு போடுவது ஆகிய ஒவ்வொன்றும் ஊரில் யாரோ ஒருவரின் முறை. தீவட்டி பிடிப்பது பல ஊர்களில் சலவைத் தொழிலாளர் குடும்பத்தின் கடமையாக இருந்தது. இந்த முறையை நான் பொற்காலமாகப் பார்க்கவில்லை. சாதிக்குச் சாதி வேலையைக் கட்டிப்போட்ட ஏற்பாடு அது; மறுக்கும் உரிமை இல்லாத உழைப்பு அதில் நிறைய. ஆனாலும் விளக்குக்கு எண்ணெய் யார் வாங்குவது என்ற கவலை அன்று கூத்தருக்கு இருந்ததில்லை.

வடமாவட்டங்களின் கூத்தைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்த ஹன்னே டி ப்ரூயின் 1999இல் வெளியிட்ட நூலில், ஊர் உரிமையாகவும் கடமையாகவும் இருந்த ஆட்டம் எப்படிக் கூலி பேசி ஆடும் குழுக்களின் தொழிலாக மாறியது என்று காட்டுகிறார். அவர் சொல்லும் அந்த மாற்றத்தைக் கொட்டகையில் இருந்து பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

கொட்டகைக்குள்

ஆட்டம் பேசித் தாம்பூலம் வாங்கிய குழு சாயங்காலம் ஊருக்கு வந்து சேரும். முதலில் இறங்குவது பெட்டி. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கன்னப்பூ எல்லாம் அதற்குள்தான். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசி, கண்ணாடிச் சில்லும் பேகடையும் ஒட்டிய அணிகள் இவை. கட்டை என்பது இவற்றின் பொதுப்பெயர். இவற்றை அணியும் அரச வேடம் கட்டை வேடம். பெட்டிக்குக் கற்பூரம் காட்டாமல் திறப்பதில்லை.

ஊர்ச்சோறு முடிந்ததும் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். முகத்துக்குத் தனி ஆள் கிடையாது. கையகலக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் அரிதாரமோ செந்தூரமோ குழைத்த நிறத்தை அடித்தளமாகப் பூசி, மையால் புருவமும் மீசையும் இழுத்து, முத்துவெள்ளையால் விளிம்பில் புள்ளி வைப்பார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம். அரிதாரத்தில் ஆர்சனிக்கும் செந்தூரத்தில் பாதரசமும் இருக்கின்றன. பருவம் முழுக்க இரவெல்லாம் அந்த நிறத்தோடு வியர்த்து, விடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துணியால் அழுத்தித் துடைத்த தலைமுறைகள் எத்தனை என்று நினைத்துப் பார்க்கவே வேதனையாக இருக்கிறது. கலையின் பெருமை பேசும் கட்டுரைகள் இந்தத் தோல்களைப் பற்றி எழுதியதில்லை.

முகம் முடிந்தால் இடுப்பு. வைக்கோல் பிரியைச் சுற்றிக் கட்டி அதன்மேல் புடவைகளைக் கொசுவிப் பரப்பினால்தான் சுழலும்போது குடைபோல விரியும் பாவாடை கிடைக்கும். இதை ஒருவர் தனக்குத்தானே கட்டிக்கொள்ள முடியாது. முதுகுப் பக்கம் ஒருவர் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுக்க, மூச்சை அடக்கி நிற்க வேண்டும். இளசுகள் இங்கேதான் தொழில் பழகுகிறார்கள். எந்த முடிச்சை எங்கே போட்டால் இரவு முழுக்க அவிழாது, எது நெஞ்சை அடைத்துப் பாட்டைக் கெடுக்கும் என்பதெல்லாம் வாத்தியார் வாயால் சொல்லித் தருவதில்லை. கயிறு பிடித்த கைதான் கற்கிறது. காலில் சலங்கை கட்டிய பிறகு, கடைசியாகக் கிரீடம்.

வெளியே களரி கட்டும் மேளம் கேட்டுக்கொண்டே இருக்கும். மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து முழங்கும் அந்த நேரத்தை வழிபாடாக மட்டும் பார்க்கிறோம். கொட்டகைக்குள் அது ஒரு கடிகாரம். கட்டை வேடம் கட்ட நேரமானால் மேளம் நீளும், கட்டியங்காரனின் பேச்சும் நீளும். கட்டியங்காரன் ஊர் வம்பையெல்லாம் இழுத்துப் போட்டுச் சிரிக்கவைக்கும் வேளையில் உள்ளே யாருக்கோ புஜக்கட்டை ஏறிக்கொண்டிருக்கும். இருவர் பிடிக்கும் கைத்திரைக்குப் பின்னால் ராஜா வந்து நின்ற பிறகுதான் கதை நகரும். ஒருவரே ஓரிரவில் இரண்டு மூன்று வேடம் போட வேண்டியிருப்பதால் கதையின் வரிசையிலும் இந்தக் கணக்கு புகுந்துவிடுகிறது. வேடமில்லாத நேரத்தில் நடிகர்கள் ஓய்வெடுப்பதும் இல்லை; பின்பாட்டுக்கு வந்து நிற்க வேண்டும்.

விளக்கு மாறிய கதை

தீவட்டி காலத்துக் கூத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று அரிது. அசையும் நெருப்பில் கண்ணாடிச் சில்லும் பேகடையும் விட்டுவிட்டு மின்னும். முகத்தில் தடித்த கோடுகள் இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கட்டையும் முக எழுத்தும் அந்த வெளிச்சத்துக்கென்றே உருவானவை என்பது என் கணிப்பு. பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. பம்ப் அடித்து, மேண்டில் மாற்றி விடியும்வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டார். 1950களிலும் 60களிலும் ஊர்களுக்கு மின்சாரம் வரவரக் குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்தன. தீவட்டிக்காரரின் இடத்துக்கு மைக்செட்காரர் வந்தார். முறைக்காரராக அல்ல, வாடகைக்கு. குழல்விளக்கின் தட்டையான வெள்ளை ஒளியில் அரிதாரத்தின் மஞ்சள் வெளுத்துப்போக, கடையில் கிடைக்கும் ரோஸ் பவுடரும் பளிச்சிடும் சமிக்கியும் பெட்டிக்குள் இடம் பிடித்தன. விளக்கு மாறினால் தோல் மாறும், துணி மாறும், செலவுக் கணக்கு மாறும்.

மின்சாரம் வருவதற்கு முன்பே இன்னொரு திசையிலிருந்தும் காற்று வீசியிருந்தது. பார்சி நாடகக் குழுக்களின் வருகைக்குப் பிறகு தமிழில் எழுந்த கம்பெனி நாடகங்கள், படுதா, பக்கத்தட்டி, வெல்வெட் உடுப்பு, ஆர்மோனியம் எனப் புதிய திரைமறைவு உலகத்தையே கொண்டுவந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடத்திய பாய்ஸ் கம்பெனியில் 1918இல் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான தி.க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’, அந்த உலகத்தைச் சிறுவனின் கண்ணால் பதிவு செய்த அரிய நூல். சி. கன்னையாவின் ‘தசாவதாரம்’ காட்சி பிரம்மாண்டத்துக்காகவே பேசப்பட்டது. கம்பெனியில் சீன் தள்ளுவதற்கும் சமையலுக்கும் தனித்தனி ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். கூத்து அவர்களிடமிருந்து ஆர்மோனியத்தையும் வெல்வெட்டையும் எடுத்துக்கொண்டது. சம்பள ஆட்களை எடுத்துக்கொள்ள அதனிடம் காசு இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்ற சொற்கள் மட்டும் ஊருக்குள் வந்து தங்கிவிட்டன. சென்னையில் இரத்தின நாயகர் அன் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் கூத்து நாடகங்களை மலிவு விலையில் அச்சிட்டதும் வாத்தியாரின் கையேட்டுக்குப் பக்கத்தில் அச்சுப் புத்தகமும் சேர்ந்தது.

பெட்டி யாருடையது?

கூலி பேசி ஆடும் முறை வந்ததும் கொட்டகையின் மையக் கேள்வி இதுவாகிவிட்டது. ஊர் கொடுக்கும் தொகை பங்காகப் பிரியும்போது, பெட்டி வைத்திருப்பவருக்கு உழைப்புப் பங்கோடு பொருளுக்கான பங்கும் சேரும். பருவம் தொடங்கும் முன்பே நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிணைத்துக்கொள்ளும் வழக்கமும் இப்படித்தான் வேரூன்றியது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீளும் விழாக்காலத்தில் இரவு ஓர் ஊர், பகல் பயணம், மறுநாள் இரவு இன்னோர் ஊர். மழைக்காலத்தில் வயல் வேலை, கட்டட வேலை, வெளியூர்க் கூலி. உடைந்த கண்ணாடியை ஒட்டுவதும் பழைய கட்டைக்கு வர்ணம் அடிப்பதும் அந்த இடைவெளியில் செய்யும் வேலைகள். அதற்கெல்லாம் யாரும் கூலி கணக்கிடுவதில்லை. முன்பு ஊர்த் தச்சர் முறையாகச் செய்துகொடுத்தது இன்று முழுக்கக் கைக்காசு. சில குழுக்களில் மரத்துக்குப் பதிலாக அட்டையும் தெர்மோகோலும் புகுந்ததற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. விலை, எடை, கிடைக்கும் மரம் மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நகரம் கூத்தைத் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. புரிசைக் கிராமத்துத் தம்பிரான் குடும்பத்துக் கூத்தர்களின் ஆட்டத்தைக் கண்டு ஈர்க்கப்பட்ட நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் குழு உலக மேடைகளுக்குப் போனது. அந்தப் பெருமையில் பெரும்பகுதி நடிப்புக்கும் அடவுக்கும் போய்ச் சேர்ந்தது. கொட்டகை வேலையையும் கல்வியாக நடத்தியவர்கள் என்று நான் மதிப்பது கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலையும் ஹன்னே டி ப்ரூயினையும். 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002இல் குருகுலம் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தார்கள். அதில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள்.

பெண் வேடத்தையும் ஆணே கட்டிவந்த கொட்டகைக்கு இது பெரிய திருப்பம். மேடையில் பெண் ஏறினால் பாராட்டப் பலர் இருக்கிறார்கள். வைக்கோல் பிரியை இடுப்பில் இறுக்கவும், வேடம் மாற்றவும், நடுநிசியில் ஒதுங்கவும் அவளுக்கு மூடிய ஓர் அறை வேண்டும் என்பதை ஊர் பெரியதனக்காரர்கள் தாம்பூலம் கொடுக்கும்போது யோசிப்பதில்லை. கூத்தில் பெண் வேடம் கட்டும் திருநங்கையருக்கும் இதே சங்கடம் உண்டு. ஒரு புடவையைக் குறுக்கே கட்டி மறைத்துச் சமாளிக்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, விழாக்காலம் சூடு பிடிக்கும் நேரத்தில். அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. அடுத்த ஆண்டும் பாதியில் நின்றது. ஆட்டம் இல்லாவிட்டால் முன்பணம் கடனாகிறது, கடனுக்குப் பெட்டி ஈடாகிறது. பெட்டி கைமாறினால் அதனோடு முடிச்சுப் போடத் தெரிந்த கைகளும் செங்கல் சூளைக்கோ பெருநகரக் கட்டட வேலைக்கோ போய்விடுகின்றன. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை பெறுவதற்கும் விருதுக்கும் ஆடுபவர் என்ற அடையாளம் வேண்டும். கட்டை செதுக்குபவர், வேடம் கட்டிவிடுபவர், பெட்டி சுமப்பவர் என்ற பிரிவுகளையும் நலவாரியப் பட்டியலில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். கூத்தர்களின் மாவட்டக் கணக்கெடுப்பு எப்போது நடந்தாலும் அது கொட்டகையிலிருந்து தொடங்க வேண்டும்.