செஞ்சியின் தாராபாயும் ‘கடற்கொள்ளை’ என்னும் சொல்லும்

பெண் கடற்கொள்ளையர் பற்றிய ஆய்வுகளில் ஆன் பானி, மேரி ரீட் ஆகிய இருவருக்கும் தனியிடம் உண்டு. 1720இல் ஜமைக்காவில் இவர்கள்மீது நடந்த வழக்கு வரலாறு. 1724இல் இலண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்று நூல் அதனோடு சேர்த்த இளமைக்காலக் கதைகளோ புனைவுக்கு நெருக்கமானவை.

இவர்களின் சமகாலத்தவரான தாராபாய் வேறொரு சிக்கலை முன்வைக்கிறார். செஞ்சிக் கோட்டை முகலாயர் முற்றுகையில் இருந்த 1696இல் அங்கு இரண்டாம் சிவாஜியை ஈன்ற அவர், கணவர் இராஜாராம் மறைந்த 1700 முதல் 1707 வரை மகன் பெயரால் மராத்திய அரசை நடத்தினார். கொங்கணக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே அவர் பக்கம் நின்றார். அனுமதிச் சீட்டுப் பெறாத கலங்களை ஆங்கரே கைப்பற்றியதைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கொள்ளை என்றனர். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே ‘கர்த்தாசு’ முறையால் செய்ததும் இதுவே. சாண்டில்யனின் ‘ஜலதீபம்’ புதினத்திலோ ஆங்கரே வீரத் தலைவர்.

பானியும் ரீடும் எவ்வரசின் ஆணையுமின்றிக் கடலேறியவர்கள். தாராபாய் ஆணையிடும் இடத்தில் இருந்தவர். எனவே அவரைப் பெண் கடற்கொள்ளையர் வரிசையில் சேர்த்தல் பொருந்தாது. அதே வேளையில், கம்பெனியாரின் சொல்லை அப்படியே ஏற்று ஆங்கரேயைத் தனிக் கொள்ளையராகக் கருதினால், அவர் சார்ந்திருந்த பெண்ணாட்சி மறைந்துபோகும். ‘கடற்கொள்ளை’ யாருடைய சொல் என்று வினவிய பின்னரே அதனை ஆய்வுக் கலைச்சொல்லாகக் கையாளுதல் தகும்.