யப்பானின் தோகோ நீராட்டு மண்டபம்

பழங்கட்டிடமொன்றைப் பேணும் வழிகள் இரண்டு. அதனைப் பூட்டிக் காட்சிப்பொருளாக்குதல் ஒன்று. அஃது எப்பணிக்காக எழுந்ததோ அப்பணியிலேயே அதனை நிலைபெறச் செய்தல் மற்றொன்று. பின்னையது அரிது. அதற்குத் தக்க சான்றாக விளங்குவது, யப்பானின் சிக்கோக்குத் தீவில் மத்சுயாமா நகரிலுள்ள தோகோ நீராட்டு மண்டபமாகும்.

தோகோ வெந்நீரூற்றின் தொன்மை பெரிது. காயமுற்ற வெண்கொக்கு ஒன்று இந்நீரிற் காலை நனைத்து நலம்பெற்றதைக் கண்டே மக்கள் இதன் இயல்பை அறிந்தனர் என்பது செவிவழிக் கதை. கதை அவ்வாறாக, வரலாறும் இவ்வூற்றை அறியும். கி.பி. 720இல் நிறைவெய்திய 'நிகோன் சோக்கி' என்னும் நூல், பேரரசி சைமேய் 661ஆம் ஆண்டிற் கொரியாவின் பெக்சே அரசுக்குத் துணையாகப் படையொடு செல்லும் வழியில் ஈண்டுத் தங்கியமையைக் கூறுகின்றது.

எனினும், இன்று நாம் காணும் மூன்றடுக்கு மரமாளிகை 1894இல் எழுந்ததே. 1890இல் ஊர்த்தலைவராகிய இசனிவா யுக்கியா, பழுதுற்றிருந்த பழைய கட்டிடத்தை நீக்கிப் புதியதொன்றை எழுப்ப முனைந்தார். சிற்றூர் தாங்கவியலாப் பெருஞ்செலவென மக்கள் வெகுண்டெழுந்தனர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. கடன்சுமை தம் பிள்ளைகள் மேலும் விழுமென அவர்கள் கருதினர். இசனிவாவோ, அப்பிள்ளைகளுக்கு வாழ்வளிக்கப்போவதே இம்மாளிகை எனக் கண்டார். ஊதியம் பெறாமலே அவர் பணியாற்றினார் என்பர். மத்சுயாமாக் கோட்டையின் தச்சர் மரபில் வந்த சகமோத்தோ மத்தஹச்சிரோ கட்டிடப் பணியை நடத்தினார். அடுத்த ஆண்டிலேயே தோகோவுக்குப் புகையிரதப் பாதையும் அமைந்தது.

அதே 1895இல் மத்சுயாமாவுக்கு ஆங்கில ஆசிரியராக வந்தவர் நாத்சுமே சோசெக்கி. 1906இல் அவர் வெளியிட்ட 'பொச்சான்' என்னும் நாவலின் தலைமகன், தான் கற்பிக்க வந்த ஊரில் எதனையும் இகழ்பவன். வெந்நீராடலை மட்டும் புகழ்கின்றான். 1899இல் அரச குடும்பத்தினர்க்கெனத் தனி நீராடகமும் இணைக்கப்பட்டது. ஆயினும், மண்டபம் பொதுமக்கள் நீராடுமிடமாகவே நிலவிற்று.

1946ஆம் ஆண்டு திசம்பரில் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தின்பின் ஊற்று வறண்டது. 1947இல் நீர் மீண்டது. நூறாண்டு நிறைந்த 1994இல், பொது நீராட்டு மண்டபங்களுள் முதன்முதலாக இதனை யப்பானிய அரசு முக்கிய பண்பாட்டுச் செல்வமென அறிவித்தது. 2019 சனவரியிற் தொடங்கிய பெருந்திருத்தப்பணி 2024இல் நிறைவெய்தி, அவ்வாண்டு யூலையில் மாளிகை முழுமையாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் ஒரு பகுதி பழுதுபார்க்கப்பட, மறுபகுதியில் மக்கள் நீராடி வந்தனர். மாளிகையை முற்றாக மூடியிருப்பின் வேலை எளிதாயிருக்கும். ஊரார் அதனை விரும்பினாரல்லர்.

மாளிகை உச்சியிலுள்ள சிறுகோபுரத்தின் முரசு காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் இன்றும் ஒலிக்கின்றது. அவ்வொலி கேட்டு நீராட வருவோர் உள்ளவரை, அன்று இசனிவாவும் ஊராரும் தொடுத்த வழக்கிற்குத் தீர்ப்பு நாடோறும் எழுதப்பட்டு வருகின்றது எனலாம்.