ஒரே வெயில், வேறு வேறு தோல்

முதல் உலகப் போர் முடிந்து பெர்லின் நகரம் பஞ்சத்தில் கிடந்த காலம். அங்கே குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மெலிந்து வளைந்த நான்கு குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் கீழ் படுக்கவைத்து, வாரக்கணக்கில் புற ஊதா ஒளி பாய்ச்சினார். எக்ஸ்ரே படங்களில் எலும்பு முனைகளில் புதிதாகச் சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பது தெரிந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் ஒளியே படாத மறு கையின் எலும்பும் தேறியது. தோலில் ஏதோ ஒன்று உண்டாகி ரத்தத்தோடு உடல் முழுக்கப் போகிறது என்பதை அந்த இரண்டு கைகளே காட்டிக்கொடுத்தன. இது 1919-இல் நடந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ வைட்டமின் டி என்ற பெயரைப் பெற இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன்பே இதை ஊகித்தவர்கள் உண்டு. வார்சா நகரக் குழந்தைகளுக்கு வரும் இந்த நோய் சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு வருவதில்லை என்பதை 1822-இலேயே ஸ்னியாதெட்ஸ்கி என்ற போலந்து மருத்துவர் கவனித்தார். ஜப்பானில் மிஷன் மருத்துவராக இருந்து இங்கிலாந்து திரும்பிய தியோபால்ட் பாம், அங்கே பார்க்காத ரிக்கெட்ஸைத் தன் நாட்டில் எங்கும் கண்டு, வெயில் குறைவே காரணம் என்று 1890-இல் எழுதினார். நிலக்கரிப் புகை மூடிய தொழில் நகரங்களின் சந்துகளில் வளர்ந்த குழந்தைகளுக்கே அது அதிகம் வந்தது. 1920-களில் இந்த அறிவு ஒரு மோகமாகவே மாறிவிட்டது. சுவிட்சர்லாந்தின் லெசான் மலையூரில் ஒகூஸ்ட் ரோலியே நடத்திய மருத்துவமனையில் காசநோயாளிகளை வெயிலில் கிடத்தினார்கள். வெயிலில் பழுத்த தோல் ஐரோப்பாவில் ஆரோக்கியத்தின் அடையாளமாயிற்று. வெயில் மருந்து என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அந்தத் தீர்ப்பு பொய்யல்ல. ஆனால் அது வெளிர்ந்த தோலும் மங்கிய வானமும் சேர்ந்த இடத்தில் பிறந்தது.

எதிர்ச் சான்றும் அப்போதே இருந்தது. ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1894-இல் மாலுமிகளின் முகத்தில், பிரெஞ்சு மருத்துவர் துப்ரோய் அடுத்த சில ஆண்டுகளில் போர்தோ பகுதியின் திராட்சைத் தோட்டக் கூலிகளிடம், வெயில் பட்ட இடங்களிலேயே புற்று தோன்றுவதைப் பதிந்தார்கள். 1928-இல் ஃபின்ட்லே என்ற ஆய்வாளர் புற ஊதா ஒளி பாய்ச்சி எலிகளின் தோலில் புற்றை உண்டாக்கினார். வைட்டமின் டி பற்றிய ஆய்வும் அடங்கிய பணிக்காக வின்டாஸ் என்ற வேதியியலாளருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான். இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே கதிரைப் பற்றியவை என்பதே இங்கே முக்கியம். தோலில் வைட்டமினை ஆக்கும் புற ஊதா பி கதிர்தான் உயிரணுக்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. இரண்டுக்கும் நடுவே அளவை நிர்ணயிப்பது, கதிரைத் தடுக்கும் தோல் நிறமியான மெலனின்.

தோலும் வெயிலும் பொருந்தாததன் விலையை அதிகம் கொடுத்த நாடு ஆஸ்திரேலியா. குறைந்த வெயிலுக்குப் பழகிய பிரிட்டிஷ் தோல் சில தலைமுறைகளில் கடும் வெயிலுக்குக் குடிபெயர்ந்தது. ஐரோப்பிய வம்சத்தவரிடம் பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க மெலனோமா என்ற தோல் புற்றுநோயால் வரும் மரணம் கூடுவதை 1956-இல் ஹென்றி லங்காஸ்டர் புள்ளிவிவரங்களால் காட்டினார். 1981-இல் சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவை கார்ட்டூன் தொலைக்காட்சியில் ஆடிப்பாடியது. ‘ஸ்லிப், ஸ்லாப், ஸ்லேப்’ என்ற அந்தப் பிரசாரம் உயிர் காத்த பிரசாரம். குவீன்ஸ்லாந்தின் நாம்பூர் நகரில் 1,621 பேரிடம் நடந்த ஆய்வில், சன்ஸ்கிரீனைத் தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களுக்குப் பின்னாளில் மெலனோமா பாதியளவே வந்தது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த விதி எல்லாத் தோலுக்கும் பொதுவாக ஒலித்தது. 2001-இல் மெல்பர்னிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், முகத்திரை அணிந்த அல்லது கருநிறத் தோல் கொண்ட 82 கர்ப்பிணிகளில் 66 பேருக்கு வைட்டமின் டி குறைவு. வெயில் கொட்டும் நாட்டில் இந்த நிலை! இது புதிய செய்தியும் அல்ல. நியூயார்க்கின் கறுப்பினத்தவர் குடியிருப்பில் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹெஸ் குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்து ரிக்கெட்ஸைத் தடுக்க முயன்றது 1917-இல். கருநிறத் தோலுக்குத் தேவை வேறு என்ற குறிப்பு தொடக்கம் முதலே கையில் இருந்தும் கொள்கை வகுத்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மக்களுக்கான அறிவுரை எளிமையாக இருந்தால்தான் எடுபடும், ஆளுக்கொரு விதி சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் மருந்தின் அளவை உடல் எடை பார்த்துக் கொடுப்பதை மக்கள் குழப்பமாக நினைப்பதில்லையே. கருநிறத் தோலுக்கும் மெலனோமா வரும், பாடகர் பாப் மார்லி அதில்தான் இறந்தார் என்பது அடுத்த வாதம். உண்மை, அவர் மறைந்ததும் அந்தக் கார்ட்டூன் வந்த 1981-இல்தான். ஆனால் அவருக்கு அது கால் கட்டைவிரல் நகத்தின் அடியில் வந்தது. உள்ளங்கால், நகக்கண் போன்ற இடங்களில் வரும் அந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணமல்ல. அங்கே களிம்பைவிட, புதிதாகத் தோன்றிய அல்லது மாறிவரும் கரும்புள்ளியை மருத்துவரிடம் காட்டும் பழக்கமே உயிர் காக்கும். மாத்திரை இருக்கும்போது வெயில் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. குறைவு உள்ளவருக்கு மாத்திரை போதும், அதை மறுப்பதற்கில்லை. குறைவு இல்லாதவருக்கு அது பெரிய பலன் தராது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில் வைட்டமின் டி மாத்திரை புற்றுநோய் வருவதையோ இதய நோய் வருவதையோ குறைக்கவில்லை.

ஆஸ்திரேலிய நிபுணர்கள் 2024-இல் வெளியிட்ட திருத்திய அறிக்கை மக்களைத் தோல் நிறத்தின்படி மூன்றாகப் பிரித்து, வெளிர்ந்த தோலுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கி, கருநிறத் தோலுக்குத் தளர்த்தியது. மெல்பர்னிலோ டொரொண்டோவிலோ வாழும் தமிழ்க் கர்ப்பிணிகள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, தங்கள் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.