உதகையின் இரண்டு பஞ்சாங்கங்கள்

உதகமண்டலத்துக்குப் போய்வந்தேன் என்று ஒருவர் சொன்னால், "சீசனுக்கா?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். ஏப்ரலும் மேயுமே அவ்வூருக்கு உரிய மாதங்கள், ஏனைய மாதங்களில் அது பூட்டிக் கிடக்கும் என்னும் எண்ணம் அக்கேள்வியில் அடங்கியுள்ளது. தலைமையாசிரியர் பணியினின்று நான் ஓய்வு பெற்றபின், என் மகள் அங்கே குடியிருப்பதை முன்னிட்டு, ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் அவ்வூரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஓர் ஊரின் வரலாற்றை அறியப் பட்டயங்களையும் பதிவேடுகளையும் புரட்டுவது போலவே, அதன் பருவங்களைக் கவனிப்பதும் பயன் தரும் என்பதை அங்கே கண்டேன்.

முதலில் ஜனவரியை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் புல்வெளியெங்கும் உப்பைத் தூவியது போல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் முதன்முதலாக நீலகிரி ஏறியது 1819-ஆம் ஆண்டு இதே ஜனவரி மாதத்தில்தான். சமவெளி வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயருக்கு, தென்னிந்தியாவில் உறைபனி பெய்யும் மலை உண்டு என்னும் செய்தி எத்தகைய வியப்பைத் தந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளில் சல்லிவன் உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டினார். ஓடையை மறித்து ஏரி அமைத்தார். உருளைக்கிழங்கு முதலிய காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். வீட்டுக்கான நிலத்தைத் தோதவரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கினார் என்பர். அந்த விலையைக் கேட்டு நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் மலைநிலம் தோதவருக்கே உரியது என்று அரசாங்கத்தோடு வாதாடியவரும் அவரே என்பதையும் சேர்த்துச் சொல்லுவதுதான் நேர்மை.

தோதவருக்கும் ஒரு பருவக் கணக்கு இருந்தது. வறண்ட மாதங்களில் கிழக்குப் புல்வெளிகள் காய்ந்துவிடும். அப்போது அவர்கள் தம் எருமைகளை ஓட்டிக்கொண்டு, ஈரம் மிகுந்த மேற்குப் பகுதிகளிலுள்ள மந்துகளுக்குப் பெயர்ந்து செல்வர். மழை வந்து புல் தழைத்ததும் திரும்புவர். ஆக, உதகைக்கு வருவதும் அதைவிட்டு நீங்குவதும் வெள்ளையர் தொடங்கிவைத்த பழக்கமன்று. முன்னையது எருமைக்குப் புல் தேடிய பஞ்சாங்கம். பின்னையது மனிதர் வியர்வைக்கு அஞ்சிய பஞ்சாங்கம்!

இந்த இரண்டாம் பஞ்சாங்கம் 1870-இல் அரசாங்கத்தின் பஞ்சாங்கமாகவே ஆயிற்று. அதுமுதல் சென்னை மாகாண ஆட்சி, கவர்னரும் செயலாளரும் எழுத்தரும் கோப்புகளுமாக, கோடையில் உதகைக்கு ஏறி, மழைக்காலம் கழிந்து இறங்கும் வழக்கம் நிலைபெற்றது. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள் தலைநகர் மலைமேல் இருந்தது. மக்களின் வரிப்பணத்தில் இவ்வளவு பெரிய குடிபெயர்ச்சி எதற்கு என்று சென்னை மக்களும் பத்திரிகைகளும் கண்டித்தனர். சமவெளியில் குடிகள் வெயிலில் வெந்துகொண்டிருக்க, ஆள்வோர் மட்டும் கம்பளி போர்த்திக் கையொப்பமிட்டது எனக்கு உவப்பாகத் தோன்றவில்லை.

பருவம் அறியாது வந்து அகப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. நம் பாடத்திட்டங்களுக்கெல்லாம் பாட்டனாராகிய மெக்காலே 1834-இல் இந்தியாவுக்கு வந்ததும், கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபுவைக் காணப் பல்லக்கில் உதகைக்கு ஏறினார். வந்தது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். வாரக்கணக்கில் பெய்த மழையில் வெளியே தலைகாட்ட முடியாமல் தவித்தார். ஜூலை மாதத்து உதகையைக் கண்டவர்கள் அவர்மீது இரக்கம் கொள்வர்.

குளிருக்கு விறகு வேண்டும். இதுவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நீலகிரியின் இயற்கைக் கோலம் புல்வெளியும், அதன் மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடுமாகும். சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. ஊர் பெருகப் பெருக அவை அடுப்புக்கும் கணப்புக்கும் இரையாயின. அந்தக் குறையை நிரப்பவே ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த தைல மரமும் சீகை மரமும் நடப்பட்டன. அவை விரைந்து வளர்ந்தன; எருமை மேய்ந்த புல்வெளியை விழுங்கவும் செய்தன. இன்று தைல மரக்காட்டின் நிழலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணி, அதைப் பழங்காலக் காடு என்றே கருதுகிறார். முதல் பஞ்சாங்கத்தை இரண்டாம் பஞ்சாங்கம் அழித்த வரலாறு அம்மரங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு இரயில் வந்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் 46 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை அமைந்தது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் பதித்து, அதைப் பற்சக்கரத்தால் கவ்விப் பிடித்து வண்டி ஏறுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கவர்னர்களின் கோடைக் குடிபெயர்ச்சி மறைந்துபோயிற்று. அவ்விடத்தைப் பொதுமக்கள் பிடித்துக்கொண்டனர். இது நல்லதே. ஆயினும் கூட்டம் அளவுகடந்து, 2024 மே மாதத்தில் உயர்நீதிமன்ற ஆணைப்படி, வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டும் என்னும் நிலை வந்தது.

மே மாதத்து மலர்க் கண்காட்சியை நான் குறை கூறவில்லை, கண்டு களியுங்கள். மாணவர்களே, ஒருமுறை நவம்பரிலும் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து இரயில் பல நாள் ஓடாது. 2009 நவம்பரில் இவ்வாறு சரிந்த மண்ணில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; சுற்றுலாப் பருவம் முடிந்த பிறகும் அங்கே வாழ்கிறவர்கள் சுமக்கும் அச்சம் இது. மழை சற்று விட்டால், கழுவிய காரட் மூட்டைகளை ஏற்றிய லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டியை நோக்கி இறங்கும். மார்கழியின் பனி தொடங்கியபின் படகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா வரும். ஆடவரும் பெண்டிரும் வெள்ளுடை உடுத்திக் கோத்தகிரியை அடுத்த பேரகணிக்குத் திரளாகச் செல்வதைப் பார்க்கலாம்.