உள்ளத்திற்கும் உண்டு முதலுதவி

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் கோபால்பட்டி என்னும் ஊர் உள்ளது. இலங்கைப் போரில் ஊரிழந்து வந்த தமிழர்களின் முகாம் ஒன்று இங்கே நெடுங்காலம் இருந்தது. இம்முகாமினருக்கும், தோட்டனூத்து, அடியனூத்து முகாம்களில் இருந்தோருக்குமாகத் தோட்டனூத்தில் கட்டப்பட்ட 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டன. இடிந்த வீட்டுக்கு மாற்றாக வீடு கட்டித் தரலாம். குண்டு பட்ட காயத்திற்கு மருந்திடலாம். கண்ணெதிரே உறவினரைப் பறிகொடுத்தவரின் உள்ளத்திற்கு என்ன செய்வது?

மருத்துவ உலகம் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் அன்று கேட்டது பொதுமக்களை முன்னிட்டு அன்று; படைவீரர்களை முன்னிட்டே.

முதல் உலகப் போரில் வீரர் பலர் உடலில் காயம் ஏதுமின்றியே பேச்சிழந்தனர். சிலருக்குக் கைகால் நடுங்கின. சிலருக்குப் பார்வை மங்கியது. 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் ‘குண்டதிர்ச்சி’ என்ற பெயரால் இதனை விவரித்தார். வெடியின் அதிர்வு மூளையைத் தாக்குவதாகவே முதலில் கருதினர். வெடிக்கு அருகே இல்லாதவரிடமும் இக்குறிகள் தோன்றவே அக்கருத்து ஆட்டம் கண்டது. இதைக் கோழைத்தனம் என்று எண்ணிய அதிகாரிகளும் உண்டு. கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காக அப்போரில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது!

போர்முனைக்கு அருகிலேயே, காலந்தாழ்த்தாமல், ஓய்வும் உணவும் தந்து, ‘நீ தேறிவிடுவாய்’ என்று நம்பிக்கையூட்டினால் பலர் தேறுவதை மருத்துவர்கள் கண்டனர். அமெரிக்கப் படையில் இதை முறைப்படுத்தியவர் தாமஸ் சால்மன். முறை நல்லதே. நோக்கம் மட்டும் வீரனை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவது.

வீட்டு முற்றமே போர்முனையாகிவிட்ட மக்களுக்கு இம்முறை எப்படிப் பொருந்தும்? யாழ்ப்பாணத்தில் இதற்கு விடை தேடியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ‘மனவடு’ என்னும் தமிழ் நூலை எழுதியவர் இவர். அங்கு உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. எனவே ஆசிரியர்களும் கிராமப் பணியாளர்களும் பயிற்சி பெற்றனர். ஊர்மக்களின் சடங்குகளையும் அவர் ஒதுக்கவில்லை. ஒப்பாரி, எட்டுச்செலவு, அந்தியேட்டி ஆகியவை துயரத்தைப் பலர் கூடிச் சுமக்க உதவுகின்றன அல்லவா?

உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் மருத்துவர் அல்லாதவருக்கும் உரியதே. பார், கேள், இணை என்பன அதன் மூன்று படிகள். ஆபத்து இருக்கிறதா, யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்ப்பது முதற்படி. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ‘நடந்ததைச் சொல்’ என்று துருவுதல் கூடாது. நல்லெண்ணத்தோடு துருவுவதும் தீங்காகலாம். பிறகு தண்ணீர், உணவு, உண்மையான செய்தி, உறவினர் ஆகியவற்றோடு அவரை இணைக்க வேண்டும்.

இந்த மூன்றாம் படியில்தான் இடர்ப்பாடு. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாவிடில் யாரோடு இணைப்பது? மாண்டார் என்ற உறுதியில்லாமல் அந்தியேட்டி செய்ய முடியாது. பொட்டை அழிப்பதா வைப்பதா என்று மனைவிக்கே தெரியாது. 2009இல் போர் முடிந்தது. 2017 பிப்ரவரியில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி, கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரப் பந்தலில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது ஆறுதலை அன்று, பதிலை.